கொல்லக் கூடாத மீன்

போகிற இடத்தில் மீனைப் பற்றிப் பேசி யாரிடமும் சண்டை இழுக்க மாட்டேன் என்று மகனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நான் மலேசியாவில், தைப்பிங்கில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாண வீட்டில் இலையில் விழும் மீனைப் பார்த்தால்கூட அது எந்த ஆற்று மீன், எதைத் தின்று வளர்ந்தது என்று ஆரம்பித்துவிடுவேன் என்பது அவன் புகார். "சித்தி மகளுக்கு வளையல் போடுங்க, சாப்பிடுங்க, திரும்பி வாங்க" என்று மூன்றே வேலை சொல்லி அனுப்பினான். நான்காவதாக ஒன்றைச் செய்யப் போய்த்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

தங்கை ஸ்டெல்லா ஆவடிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தியாவுக்குப் போனவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, காட்டுப்பாக்கத்தில் மகள் ஜெனியின் ஃபிளாட்டில் இருக்கிறாள். ஜெனிக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். மிக்ஸி போடுவதற்குக்கூட ஸ்டெல்லா ஜெனியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

முதல் நாள் பசியாற இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் கடைக்குக் கடை வடை உண்டு, வடகறி மட்டும் கிடையாது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோது ஜெனியின் கணவர் பிரவீன், "பெரியம்மா, பால்கனிக்கு வாங்க, எங்க ஏரியைக் காட்டுறேன்" என்றார். தூத்துக்குடிப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேச்சில் 'எங்க ஏரி' என்கிற சொல் நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது.

ஏரி ஐந்தாவது மாடியிலிருந்து அழகாகத்தான் இருந்தது. இவர்கள் ஃபிளாட்காரர்கள் பலர் சேர்ந்து இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை அள்ளியிருக்கிறார்கள். நான் மனம் விட்டுப் பாராட்டினேன். சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கள் ஊரில் கார் கழுவுவதற்கு மட்டும்தான் ஞாயிறு.

"ஒரே ஒரு பிரச்சினை பெரியம்மா. பச்சையா பாசி கட்டுது. அதுக்கும் இந்த வாரம் வழி பண்ணிட்டோம். மீன் விடப் போறோம்."

என்ன மீன் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு என்னை அழைத்துப் போனார். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கருப்புச் செதில் கவசத்தோடு ஒரு சக்கர் மீன் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஒண்ணுதான் இந்தத் தொட்டி முழுக்கச் சுத்தமா வச்சிருக்கு. ஏரியில நிறைய விட்டா?"

எனக்கு வடகறி நெஞ்சில் நின்றது. எங்கள் நாட்டில் இதற்குப் பண்டாராயா மீன் என்று பெயர். பண்டாராயா என்றால் மலாயில் மாநகராட்சி. குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் என்று நம்பி யாரோ வைத்த பெயர். இன்று எங்கள் ஆறுகளில் வலையைப் போட்டால் அதுதான் வருகிறது. கரையைக் குடைந்து பொந்து வைக்கும். பாசியை வழிக்கும்போது பாசியில் ஒட்டியிருக்கிற மற்ற மீன்களின் முட்டையையும் சேர்த்து வழிக்கும். முள் துடுப்பு வலையைக் கிழித்துவிடும். எங்கள் இளைஞர்கள் வார இறுதியில் ஆற்றில் இறங்கி அதை மூட்டை மூட்டையாகப் பிடித்துப் புதைக்கிறார்கள். இங்கே காசு கொடுத்து வாங்கி விடப்போகிறார்கள்.

வாக்கு நினைவுக்கு வந்தது. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அதற்கே எனக்கு ஒரு பதக்கம் தர வேண்டும்.

மறுநாள் காலை தனியாக ஏரிக்கரைக்குப் போனேன். கிட்டே போனால் தெரிகிறது, ஃபிளாட் பக்கத்து மூலையில் ஒரு பருத்த குழாய் ஏரிக்குள் வாய் வைத்திருப்பது. அந்த இடத்தில் பாசி கரும்பச்சையாகத் தடித்துக் கிடந்தது. சோப்பு வாசனையும் அடித்தது, வேறு வாசனையும் அடித்தது. எதிர்க்கரையில் தண்ணீர் பரவாயில்லை. அங்கே இடுப்பளவு நீரில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஏழுமலை. ஏரியை ஒட்டிய பழைய தெருவில் வீடு. பிடித்ததைத் திருவேற்காட்டில் கொண்டுபோய் விற்கிறார். என் புடவையையும் கையில் இருந்த குடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஊருக்குப் புச்சா?"

மலேசியா என்றேன்.

"மலேசியாவா! அங்க இன்னா மீனு துன்றீங்கோ?"

நான் ஹாருவான் என்று சொல்லி, அதாவது விரால் என்று விளக்கினேன். தங்கை மகளின் வளைகாப்புக்கு வந்திருக்கிறேன், பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆற எங்கள் ஊரில் விரால் சூப்தான் கொடுப்பார்கள் என்றும் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அங்கியும் வெராலா" என்று யாரோ சொந்தக்காரரைக் கேள்விப்பட்டவர்போலச் சிரித்தார். பிறகு வாயில் விரல் வைத்து, பேசாதே என்று சைகை காட்டிக் கோரைப்புல் ஓரத்தைக் காட்டினார்.

நீர்மட்டத்தில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ கொதித்தது. விரால் குஞ்சுகள். கும்பலாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கும்பலாக இறங்கின. அடியில் தாய் கருப்பு நிழலாக அசையாமல் நின்றது. பண்ணைத் தொட்டியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெட்டவெளியில், மாடிக் கட்டடங்களின் நிழல் விழுகிற தண்ணீரில் பார்த்தபோது குடையை மடக்கிவிட்டுக் கரையிலேயே குந்திக்கொண்டேன்.

"மூணு வருசமா இந்த ஏரில வெராலே கெடயாதுக்கா. வெறும் ஜிலேபி மீனுதான். அத எவன் துன்றான். ஃபிளாட்டுக்காரங்க குப்ப வாரனாங்கோ, மழயும் பேஞ்சிது. இப்பதான் திரும்பி வந்துகினு கீது."

தாயைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"குஞ்சோட கீறத புடிச்சா குஞ்சி அத்தினியும் பூடும். அப்பறம் அடுத்த வருசம் இன்னாத்த விக்கறது? மண்ணையா?"

சக்கர் மீன் தெரியுமா என்று கேட்டேன். செம்பரம்பாக்கம் பக்கம் அவருடைய மச்சானின் வலையில் வந்ததாம். வலையிலிருந்து பிரிக்க முடியாமல் வலையையே அறுக்க வேண்டியதாயிற்றாம். "அது இங்க கெடயாது. மாரியாத்தா புண்ணியம்" என்றார். நான் மகனுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே ஏரியில் போட்டேன்.

சனிக்கிழமை மீன் எடுக்கப் பிரவீனோடு நானும் கிளம்பினேன். போகிற வழியில் பேசித் தடுத்துவிடலாம் என்று கணக்கு. மெட்ரோ தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போகிற காரில், பேச வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு பள்ளம் வந்தது. வண்ணமீன் கடையில் கேட்டால், "எவ்ளோ அழுக்கானாலும் தாங்கும் மேடம், சாவவே சாவாது" என்று கடைக்காரர் அதையே பெருமையாகச் சொன்னார். அதுதான் ஐயா பயம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கிழவியாகிவிட்டேன்.

காற்றடைத்த பைகளில் மீன்களை நிரப்பி, இவர்கள் குட்டி யானை என்று கூப்பிடுகிற சின்ன லாரியில் ஏற்றினோம். திரும்பும்போது திருவேற்காட்டில் கோயில் கூட்டம். வண்டி நகரவே இல்லை. வெயிலில் ஒரு பை வெடித்து மீன்கள் தார் ரோட்டில் கொட்டின. எலுமிச்சை மாலை வைத்திருந்த ஒரு பெண் ஓடிவந்து தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அவற்றின் மேல் ஊற்றினாள். பின்னால் இன்னொருத்தி. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வாளி கொண்டுவந்தார்.

"அய்யோ பாவம், வாய் இல்லாத ஜீவன். சீக்கிரம் எடு நைனா, மூச்சு முட்டுது பாரு."

அந்த மீனுக்கு மூச்சு முட்டாது. ஈரம் இருந்தால் நாள் முழுக்கத் தரையில் கிடக்கும். பத்தடி தள்ளி மீன் கடையில் கெளுத்தி துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனசைப் பார்த்து எனக்கு அன்றைக்கே பயம் பிடித்தது.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடித்து வந்ததும் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் ஏரிக் குழு கூடியது. பிரவீன் என்னை மலேசியாவிலிருந்து வந்த மீன் நிபுணர் என்று அறிமுகப்படுத்தினார். நான் புகழ்ந்து ஆசீர்வதிப்பேன் என்று நினைத்திருப்பார், பாவம். நான் எழுந்து, இந்த மீனை விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஆறுகளின் கதையைச் சொன்னேன். போனில் படங்களைக் காட்டினேன். குஞ்சு வைத்திருக்கிற விராலைப் பற்றியும், ஏழுமலை மச்சானின் வலையைப் பற்றியும் சொன்னேன்.

ஒருவர் எழுந்து, "அப்ப பாசிக்கு என்னங்க வழி? கண்ணு முன்னாடி பச்சையா நிக்குதே" என்றார்.

"பாசிக்குச் சாப்பாடு போடுவதை நிறுத்துங்கள். மூலையில் ஏரிக்குள் வருகிற குழாய் யாருடையது?"

குழாய் அவர்களுடையது. கழிவுநீர் சுத்திகரிக்கிற இயந்திரம் பழுதாகி நாளாகிவிட்டதாம், அது எல்லோருக்கும் தெரியுமாம். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "அதை அடுத்த மீட்டிங்ல பேசலாம். மேடம் சொல்றபடி மீன் விட வேணாம். எல்லாருக்கும் ஓகேதானே?" என்று தலைவர் அவசரமாக முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஜெயித்தேன். குழாயைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காக என்னை ஜெயிக்க விட்டார்கள் என்று அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. போகட்டும், விரால் பிழைத்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மீன்களைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஃபிளாட் மொட்டை மாடியில் துணி ஊறவைக்கிற பெரிய தொட்டிகளில் அவை கிடந்தன. எங்கள் ஊரில் செய்வதைச் சொன்னேன். ஐஸ் கட்டியில் போட்டு மரத்துப்போக விட்டுக் குழியில் புதைத்துவிடுவோம், நானே செய்கிறேன் என்றேன்.

ஸ்டெல்லா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, என்ன பேச்சு பேசுறே? வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல உயிரைக் கொல்லுவாங்களா?"

அடுப்பில் அவள் கிளறிக்கொண்டிருந்த சட்டியில் வஞ்சிரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"அது செத்து வந்தது. வெட்டி வாங்கிட்டு வந்தது. இது நம்ம கையால."

"இது எந்த ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்கு ஸ்டெல்லா?"

"எதுலயும் இல்ல. ரெண்டு தடவை மாதா கோயிலுக்குப் போயும் ரெண்டையும் பறிகொடுத்தோம். இந்தத் தடவை எந்த நம்பிக்கையையும் நான் விடமாட்டேன். ஓணானைக்கூட அடிக்கக் கூடாதுன்னு பிரவீன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

வெளியே வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்யச் சொல்லலாம் என்றேன். "நாம கொடுத்து அவங்க கொன்னா அது யார் மேல வரும்?" என்று அவள் அழத் தொடங்கினாள். ஜெனி அறைக்குள்ளிருந்து, "பெரியம்மா, ப்ளீஸ், வளைகாப்பு முடியட்டுமே" என்றாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்த்தபிறகு நான் என்ன பேச? வளைகாப்பு முடிகிறவரை தொட்டியிலேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். காத்திருப்பதில் அந்த மீனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

மறுநாள் கண்ணாடி வளையல் வாங்கப் பூந்தமல்லிக்கு ஸ்டெல்லா என்னைத் தனியாக அனுப்பினாள். ஷேர் ஆட்டோவில் என் மடியில் பாதி உட்கார்ந்த ஒரு பெண், நான் எங்கிருந்து வருகிறேன், எத்தனை பிள்ளை, சம்பந்திகள் எப்படி என்று இறங்குவதற்குள் முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனாலும் பக்கத்திலிருப்பவர் போனை விட்டுத் தலை தூக்க மாட்டார். வளையல் கடையில் பச்சையும் சிவப்புமாக அள்ளினேன். சூடாக போளி சாப்பிட்டேன். அந்தப் பயணத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த கடைசி நேரம் அதுதான்.

திரும்பி வந்து மொட்டை மாடிக்கு ஏறினால் தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. கீழே வீட்டில் ஸ்டெல்லாவின் சேலைக் கரையில் சேறு. பிரவீன் என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தார்.

"எங்கே விட்டீர்கள்?"

நான் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினேன். ஸ்டெல்லா தலையாட்டினாள்.

"செபம் சொல்லித்தான் விட்டோம் அக்கா. ஒண்ணுகூடச் சாகல. தண்ணியில விட்டதும் எப்படி ஓடிச்சு தெரியுமா? ஜெனியும் பால்கனியிலேர்ந்து பார்த்தா. அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதி."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த வளையல் பெட்டியை வீசியிருப்பேன். வீசவில்லை. வளையல் உடைந்தால் அதற்கும் ஒரு சகுனம் சொல்வாள். பால்கனிக்குப் போய் நின்றேன். ஏரி காலையில் இருந்த மாதிரியே இருந்தது. இனி என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் தெரியவில்லை.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சோறு. ஜெனியின் இரண்டு கையும் நிறைய வளையல். நான் போட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோபமா பெரியம்மா?" என்றாள். இல்லை என்று பொய் சொன்னேன். குழந்தை நல்லபடி பிறக்க வேண்டும் என்று உள்ளபடியே வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தன.

ஊருக்குத் திரும்புகிற நாள் காலை எதிர்க்கரைக்குப் போனேன். ஏழுமலை என்னைக் கண்டதும் கரையேறி வந்தார். சேதி அவருக்கு எட்டியிருந்தது, பாதி சேதி.

"ஃபிளாட்டு வாச்மேன் சொன்னாருக்கா. மீட்டிங்குல நின்னு பேசி தடுத்துட்டீங்களாமே! நமக்காவ எவன் பேசறான். இருங்க, ஒங்க பொண்ணுக்கு ஒண்ணு எடுத்து வச்சிகீறேன்."

வாளியில் ஒரு விரால், முழங்கை நீளம், தண்ணீரை அறைந்துகொண்டு சுற்றியது. குஞ்சு இல்லாதது, பார்த்துத்தான் எடுத்தேன் என்றார்.

நான் சொல்லிவிட்டேன். மீட்டிங்கில் தடுத்ததையும், பிறகு என் தங்கையே கொண்டுவந்து விட்டதையும், ஏன் விட்டாள் என்பதையும். அவர் கேட்டுக்கொண்டே வலையில் சிக்கிய புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். முடித்ததும், "எத்தினி?" என்றார். சொன்னேன். தண்ணீரைப் பார்த்தார்.

"புடிச்சிட முடியாதா?"

முடியாது என்றேன். வேறு எதையும் சொல்லித் தேற்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது.

வலையைச் சுருட்டிக் கரையில் போட்டுவிட்டு அவர், "எங்க ஊட்லயும் மருமவ மாசமாத்தாங்க்கா கீறா" என்றார். குரலில் கோபம் இல்லை. "எட்டு மாசம். நான் தெனம் கொன்னுகினுதான் கீறேன்."

நான் கிளம்பப் போனேன். விரால் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. பொண்ணுக்குன்னு எடுத்தது என்றார். பையில் உயிரோடு போடப்போனவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இருங்க. ஒங்க ஊட்லதான் கொல்லக் கூடாதே."

கரையில் இருந்த கல்லில் வைத்துத் தலையில் ஒரே அடி. செதில் உரசி, குடலெடுத்து, துண்டு போட்டு, ஏரித் தண்ணீர் வேண்டாம் என்று தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு முறை அலசி, பையைக் கட்டிக் கொடுத்தார். நான் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்க, ஸ்டெல்லா அன்று மதியம் அதைக் குழம்பு வைத்தாள். ஜெனி ருசித்துச் சாப்பிட்டாள் என்று விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பிரவீன் சொன்னார்.